முப்பத்தெட்டு மீட்டர்

எங்கள் தெருவில் பள்ளிக்கூடம் இல்லை என்று ஆறு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லி வந்தவள் நான்தான். யாரும் என்னைக் கெஞ்சிக் கேட்கவில்லை. அந்த வேலைக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் தெருவில் கிடையாது என்பதால் அது தானாகவே என்னிடம் வந்து சேர்ந்தது.

திண்டுக்கல்லில் பழனி சாலையிலிருந்து உள்ளே திரும்பும் நான்காவது குறுக்குத் தெரு எங்களுடையது. முனையில் ஞானராஜின் மாடிக் கட்டடம். கீழே டைல்ஸ் கடை. மேலே ஒரு காலத்தில் உடற்பயிற்சிக்கூடம் நடந்தது, பிறகு காலி. அங்கிருந்து உள்ளே வந்தால் நாலாவது வீடு சுகன்யாவுடையது, ஐந்தாவது எங்களுடையது. எங்கள் முன்னறை ஜன்னலில் உட்கார்ந்தால் முனை வரைக்கும் தெரியும். வீடு கட்டும்போதே கொத்தனாரிடம் சொல்லி அப்படித்தான் வைத்தேன்.

சுகன்யாவின் கணவர் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மாதத்துக்கு இரண்டு முறை வருவார். வரும்போது பையில் என்ன இருந்தது என்பதுவரை எனக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன் அவள் நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். நாலு எட்டாகி, எட்டு இருபத்தெட்டாகிவிட்டது. எல்லாம் நூல் மில்லுக்குப் போகிற பெண்களின் பிள்ளைகள். முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. ஐந்தே முக்காலுக்குத் தோளில் தூங்குகிற பிள்ளையும் கையில் தூக்குவாளியுமாக வருவார்கள், பாயில் கிடத்துவார்கள், வேனைப் பிடிக்க ஓடுவார்கள். ஏழரைக்குப் பல் தேய்ப்பது, இட்லி, அப்புறம் எழுத்து, எண், பாட்டு. இரண்டே முக்காலுக்கு அம்மாக்கள் வந்து கூட்டிப் போவார்கள். ஊரில் பெரிய பெரிய பலகை வைத்த பள்ளிகள் நிறைய இருக்கின்றன. ஒன்றாவது ஒன்பது மணிக்கு முன்னால் கேட்டைத் திறக்கட்டும் பார்ப்போம்.

ஆனால் சுகன்யாவிடம் ஒரு காகிதம் கிடையாது. அங்கீகாரம் கிடையாது, கட்டட உறுதிச் சான்று கிடையாது, தீயணைப்புச் சான்று கிடையாது, மின் இணைப்பு வீட்டுக் கணக்கில் ஓடியது. நாலு பிள்ளைக்கு யார் காகிதம் வாங்குவார்கள்? இருபத்தெட்டு ஆன பிறகு வாங்கலாம் என்றால், ‘இத்தனை நாள் எப்படி நடத்தினாய்?’ என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அவள் இன்னும் ஒரு வருடம், இன்னும் ஒரு வருடம் என்று தள்ளினாள்.

ஆகவே தெருவுக்கு ஒரு பழக்கம் வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்கினாலோ, கக்கத்தில் ஃபைல் இருந்தாலோ, நான் ஜன்னலிலிருந்து, “சுகன்யா, மோட்டார் ஓடுதா பாரு!” என்று சத்தம் போடுவேன். அவள் வீட்டில் மின்னல் வேகத்தில் பொம்மைகள் குளியலறைக்குப் போகும், எழுத்து அட்டைகள் சுவர்ப் பக்கம் திரும்பும், பிள்ளைகள் கண்ணை மூடிப் படுப்பார்கள். வருகிறவர் கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்: அவளுடைய சொந்தக்காரப் பிள்ளைகள், லீவுக்கு வந்திருக்கிறார்கள். வருடம் முழுக்க லீவு விடுகிற சொந்தம்.

போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. முனையில் ஜீப் நின்றது. நான்கு பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் அளக்கிற டேப். நான் மோட்டாரைக் கேட்டுவிட்டு, வாசலுக்கே போய் நின்றுகொண்டேன். டேப் என்றால் கட்டடம். கட்டடம் என்றால் யாரோ சுகன்யாவைப் பற்றி மொட்டைக் கடுதாசி போட்டிருக்கிறார்கள். என் கணக்கு அவ்வளவு வேகமாக ஓடியது.

ஃபைல் வைத்திருந்தவர் என்னிடமே வந்தார். “ஏம்மா, இந்தத் தெருவுல ஸ்கூல் எதுவும் இருக்கா?”

“ஸ்கூலா? இங்கயா? நல்லாக் கேட்டீங்க போங்க. டியூசன்கூடக் கிடையாது சார்.”

அந்த நேரம் பார்த்து சுகன்யாவின் வீட்டுக்குள் ஒரு பிள்ளை அழுதது.

“அது?”

“அது பக்கத்து வீட்டுக்காரி தங்கச்சி புள்ள.”

இன்னொன்று சேர்ந்துகொண்டது.

“அது இன்னொரு தங்கச்சியோடதாம்மா?”

“ஆமா சார்.”

“மொத்தம் எத்தன தங்கச்சி?”

“கூடப்பொறந்தது, ஒண்ணுவிட்டது, ரெண்டுவிட்டதுன்னு பெரிய குடும்பம் சார். எங்களுக்கே வரிசை சொல்ல வராது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். என் சாமர்த்தியத்துக்குச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் இல்லை என்று எழுதினால் அவருக்கு வேலை சுருக்கமாக முடியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு தாளை நீட்டினார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஆள் நான் இல்லை. உரிமம் தொடர்பாக என்று தொடங்கி, ஐம்பது மீட்டர் தூரத்துக்குள் கல்வி நிறுவனமோ வழிபாட்டுத் தலமோ இல்லை என அக்கம்பக்கத்தார் உறுதி சொல்வதாக முடிந்தது. உரிமம் இல்லாமல் பள்ளி நடத்துகிறவர்களைப் பிடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று மனதில் போட்டு வைத்திருந்தவளுக்கு, ‘உரிமம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துபோனது. வழிபாட்டுத் தலம் எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. அரசாங்கத் தாள், பத்து விஷயம் கேட்கும் என்று விட்டுவிட்டேன். ‘பொன்னழகு’ என்று முதல் கையெழுத்துப் போட்டேன். எதிர் வீட்டு செபஸ்தியம்மாளையும் கூப்பிட்டுப் போடச் சொன்னேன். அவர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். இன்னும் மூன்று பேரை வீடு வீடாகப் போய் நானே அழைத்து வந்தேன்.

அன்று மாலை சுகன்யா எனக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்து அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்து ஞானராஜின் மாடிக்கு ஏசி பெட்டிகள் ஏறின. அப்புறம் நீள மேசைகள், பச்சைத் துணி போர்த்திய வட்ட மேசைகள், ஒரு பெரிய குளிர்பெட்டி. நான் ஜன்னலை விட்டு எழவே இல்லை. நாலாம் நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் தெருவில் வீடு வீடாக லட்டுப் பெட்டி கொடுத்துக்கொண்டு வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், வெங்காயப் பேட்டையில் கமிஷன் மண்டி வைத்திருப்பவர், பெயர் மணிமாறன்.

“ஏனுங்க்கா, மனமகிழ் மன்றமுங்க. மெம்பருங்க மட்டுந்தானுங்க வருவாங்க. கேரம், செஸ்ஸு, ரம்மி டேபிளு, அப்புறம் ஒரு சின்ன பாருங்க. பகல் பதினொண்ணுக்குத் தொறந்து ராத்திரி பதினொண்ணுக்குச் சாத்திருவோம்.”

“பாரா? இந்தத் தெருவுலயா? யாரு விட்டா?”

“நீங்கதானுங்க்கா.” கேலியே இல்லாமல் சொன்னார். “பொன்னழகுங்கிறது நீங்கதானுங்களே? உங்க கையெழுத்துத்தானுங்க முதல்ல இருக்குது. ஒரு நல்லது பண்ணியிருக்கீங்க, அதான் நேர்ல பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

லட்டுப் பெட்டி என் கையில் இருந்தது. திருப்பிக் கொடுக்கவும் தோன்றவில்லை.

சட்டம் இதுதான். மாநகராட்சிக்குள் என்றால் மதுக்கூடத்துக்கும் பள்ளிக்கும் நடுவே ஐம்பது மீட்டர் வேண்டும், ஆள் நடந்து போகிற வழியில் வாசலுக்கு வாசல் அளக்க வேண்டும். ஞானராஜின் மாடிப்படியிலிருந்து சுகன்யாவின் கேட்டுக்கு முப்பத்தெட்டு மீட்டர். எங்கள் வீட்டுக்காரர் கொத்தனாரிடம் டேப் கடன் வாங்கி இரண்டு தரம் அளந்தார். பன்னிரண்டு மீட்டரில் நாங்கள் தப்பித்திருக்கலாம், பள்ளி என்று ஒன்று இருந்திருந்தால்.

மறுநாளே சுகன்யாவிடம் பவித்ரா வந்து நின்றாள். மில்லில் நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் வேலை பார்க்கிற பெண்; அவள் மகளுக்கு மூன்றரை வயது. நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன், ஏற்கனவே காய்ந்திருந்த துணிதான்.

“நெசந்தானாக்கா? அந்த மாடியில?”

“ம்.”

“எங்க வீட்டுல தெரிஞ்சா அனுப்ப மாட்டாக. அந்தப் படி வழியாத்தான புள்ளயத் தூக்கிட்டுப் போகணும்? ரெண்டே முக்காலுக்கு அங்க எவன் எப்படி நிப்பானோ. இந்த மாசம் ஓடட்டும். அடுத்த மாசம் நான் வேலைய விட்டுர வேண்டியதுதான்.”

“அவசரப்படாத பவி.”

“நான் மட்டும் இல்லக்கா. வேனுல இதான் பேச்சு.”

அவள் போன பிறகு நான் சுவரோரம் போய், “சுகன்யா” என்றேன்.

“நீங்க என்னக்கா செய்வீக? எனக்காகத்தான அப்படிச் சொன்னீக.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக் கூடத்தில் தெரு கூடியது. கூடம் முழுக்க முழங்கால் உயர நாற்காலிகள். டைல்ஸ் கடை சோலைமலை தனக்குத் தெரிந்த யோசனையைச் சொன்னார். “ஒரு பிள்ளையாரைக் கொண்டாந்து முக்குல வச்சிருவோம். கோயிலு வந்துருச்சுன்னா பாரு எப்படி வரும்?”

“எங்க அந்தோணியாரையும் சேத்து வைங்க. ஒருத்தர் லீவு போட்டா இன்னொருத்தர் பாத்துக்குவாரு” என்றார் செபஸ்தியம்மாள்.

எங்கள் வீட்டுக்காரர் அதிசயமாக ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தார். விண்ணப்பத்துக்குப் பிறகு முளைக்கிற கோயிலோ பள்ளியோ கணக்கில் வராது. முன்பே இருந்திருக்க வேண்டும்.

“முன்னாடியே இருக்கே!” என்றேன் நான்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மன்றத்துக்கு இன்னும் லைசென்ஸ் கையில கொடுக்கல” என்றாள் சுகன்யா. “ஆட்சேபம் இருந்தா பத்தாம் தேதிக்குள்ள சொல்லலாமாம். நான் எழுதிக் குடுக்கப் போறேன். இங்க பள்ளிக்கூடம் இருக்குன்னு.”

“எழுதுனா மொதல்ல உன்னத்தான் மூடுவான்” என்றார் சோலைமலை.

“எழுதலன்னா புள்ளைக தானா நின்னுரும்ணே. அதுவும் மூடுனதுதான.”

கலெக்டர் அலுவலகத்தில் நடந்த விசாரணைக்கு நானும் செபஸ்தியம்மாளும் கூடப் போனோம். பேருந்தில் செபஸ்தியம்மாள் ஜெபமாலை உருட்டினார். ‘எனக்கும் சேர்த்து உருட்டுங்க’ என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

மணிமாறன் எங்களுக்கு முன்பே வந்து, ஃபைலை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து இடம் கொடுத்தார். அவருடைய ஃபைலில் சங்கப் பதிவு, கட்டட வரைபடம், தீயணைப்புச் சான்று, காவல்துறை தடையின்மைச் சான்று எல்லாம் வண்ணத் தாள் ஒட்டிப் பிரித்திருந்தது. நினைத்துப் பார்த்தால் இந்த விவகாரத்தில் சட்டப்படி நடந்த ஒரே ஆள் அவர்தான்.

“ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க” என்றார் சுகன்யாவிடம், தாழ்ந்த குரலில். “ஸ்கூல் இருக்குதுன்னு தெரிஞ்சிருந்தா நான் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டேனுங்க. எனக்கும் புள்ளைங்க இருக்குதுங்க.”

சுகன்யா தன் மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். முதலில் சுகன்யாவின் மனுவைப் படித்தார், பிறகு அவள் கொண்டுபோயிருந்த ஆறு வருட வருகைப் பதிவு நோட்டுகளைப் புரட்டினார். கடைசியில் எங்கள் உறுதிமொழித் தாளை எடுத்து, “இதுல பொன்னழகு யாரு?” என்றார்.

நான் எழுந்தேன்.

“ஸ்கூல் இல்லன்னு எழுதிக் குடுத்தது நீங்க. இப்ப இருக்குன்னு சொல்ல வந்திருக்கிறதும் நீங்க. எது பொய்?”

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் நான். தெருவில் யார் வீட்டுச் சண்டையானாலும் இரண்டு பக்க நியாயத்தையும் அவர்களைவிட நன்றாகச் சொல்வேன். அங்கே மூன்று சொல்லுக்கு மேல் வரவில்லை.

“அன்னைக்குச் சொன்னதுதாங்கம்மா பொய்.”

“ஏன் சொன்னீங்க?”

“அவளுக்கு நல்லதுன்னு நெனச்சேன்.”

“அதுக்கு முன்னாடி எத்தனை பேர்கிட்ட இப்படிச் சொல்லியிருக்கீங்க?”

“ஒரு… பத்துப் பன்னெண்டு இருக்கும்.”

அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சுகன்யாவைப் பார்த்தார். “என் ரிக்கார்டுல அந்த வீட்டுல ஒரு குடும்பம் இருக்கு, அவ்வளவுதான். கல்வித்துறைகிட்ட இல்ல, மின்வாரியத்துகிட்ட இல்ல, மாநகராட்சிகிட்ட இல்ல. இவருடைய வக்கீல், அங்கீகாரம் இல்லாதது பள்ளியே இல்லைன்னு வாதாடுவாரு. அதை நான் பிறகு பாத்துக்கறேன். ஆனா ஸ்கூல் இருக்குன்னு நான் ஒரு வரி எழுதினேன்னா, அதோட நகல் இன்னைக்கே கல்வித்துறைக்குப் போகணும். அவங்க வந்து, காகிதம் வர்றவரைக்கும் மூடும்பாங்க. எத்தனை மாசம்னு எனக்குத் தெரியாது. இல்லைன்னு எழுதினா நாளைக்குக் காலையில நீங்க எப்பவும்போலத் தொறக்கலாம். என்ன எழுதட்டும்?”

எனக்கு உள்ளுக்குள் ஒரு அல்ப ஆசை: ‘இல்லைன்னே எழுதுங்க’ என்று அவள் சொல்லிவிட்டால், நான் சொன்ன பொய் பொய்யாகாமல் போய்விடும்.

“இருக்குன்னு எழுதுங்க மேடம்” என்றாள் சுகன்யா. “மூடுனா மறுபடி தொறந்துக்கலாம்.”

மணிமாறனின் விண்ணப்பம் கல்வித்துறை அறிக்கை வரும்வரை நிறுத்திவைக்கப்பட்டது. சுகன்யாவின் வீட்டுக்கு ஒன்பதாவது நாள் நோட்டீஸ் வந்தது. அன்று ஜன்னலில் இருந்தபடியே அடையாள அட்டையைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. அவளே கேட்டைத் திறந்து, “வாங்க சார், இதுதான் ஸ்கூல்” என்றாள்.

பிறகு மூன்று மாதம். பாதிப் பெண்கள் இரண்டாம் ஷிப்டுக்கு மாறினார்கள், சிலர் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பினார்கள். பவித்ரா சொன்னபடியே வேலையை விட்டாள். ஐந்தே முக்காலுக்குத் தெருவில் செருப்புச் சத்தம் இல்லை. எனக்குப் பழக்கத்தில் விழிப்பு வந்துவிடும். ஜன்னலில் உட்கார்ந்தால் ஒரு பக்கம் பூட்டிய மாடி, இன்னொரு பக்கம் பூட்டிய வீடு. இரண்டும் அனுமதிக்காகக் காத்திருந்தன. எது முதலில் திறக்கும் என்று சோலைமலை என்னிடம் பந்தயம் கட்டக் கூப்பிட்டார். அதற்கும் உரிமம் வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

சுகன்யா ஒவ்வொரு சான்றாக வாங்கினாள். மின் இணைப்பு மாறியது, வீட்டு வரி மாறியது, வாளியில் மணலும் தீயணைக்கிற சிவப்பு உருளையும் வந்தன. தீயணைப்புக்காரர்கள் ஒரே ஒரு இடத்தில் நின்றுவிட்டார்கள். இருபத்தெட்டுப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஒரே வாசல் போதாது, அவசரத்துக்கு இன்னொரு வழி வேண்டும். பின்னால் அடுத்தவர் வீட்டுச் சுவர். கிழக்கே சந்துகூட இல்லை. மேற்கே எங்கள் கொல்லை. அது பின்சந்தில் திறக்கும்.

அவள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமல் மூன்று நாள் இருந்தாள். அவள் கணவர் வந்தபோது இருவரும் மொட்டைமாடியில் நின்று எங்கள் கொல்லையைப் பார்த்துப் பேசினார்கள், நான் பார்ப்பது தெரிந்ததும் உள்ளே போய்விட்டார்கள். அடுத்த வீட்டைப் பார்ப்பது எனக்குப் புதிதில்லை. என் வீட்டை ஒருவர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கூச்சமாக இருந்தது. எங்கள் கொல்லையில் உடைந்த கிரைண்டர், ஓட்டை டிரம், பத்து வருடமாக வெளியே போடாத கட்டில் எல்லாம் கிடந்தன. அதை ஒட்டித்தான் அடுப்படி ஜன்னல்.

எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சுவத்த இடிக்கணும்.”

“எந்தச் சுவத்த?”

“நம்ம சுவத்தத்தான். அந்தப் புள்ளைக போக வர.”

“நல்லா யோசிச்சியா? அப்புறம் போற வாரவகள்லாம் உன் அடுப்படியப் பாத்துக்கிட்டே போவாக.”

“பாக்கட்டும்.”

தை பிறந்து அங்கீகாரம் வந்தது. ஒரு வருடத்துக்குத்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். முப்பத்தெட்டு மீட்டரில் பள்ளி இருப்பதாகவும், அது விண்ணப்பத்துக்கு ஆறு வருடம் முந்தியது என்றும் அறிக்கை போனது. மணிமாறனின் விண்ணப்பம் அந்த இடத்துக்குத் தள்ளுபடி. அவர் யாரோடும் சண்டை போடவில்லை. ஏசி பெட்டிகளை இறக்கினார், சாலைக்கு எதிர்ப்பக்கம் ஒரு கட்டடம் பிடித்தார், ஆள் வைத்து அளந்தார். சுகன்யாவின் கேட்டிலிருந்து எழுபத்தொரு மீட்டர். மாசியில் மன்றம் திறந்துவிட்டது. சாயங்காலம் பச்சை விளக்கு எரிகிறது, சீட்டு மேசைகளுக்கு ஆள் வருகிறது, சோலைமலையும் போகிறார். அவர் மெம்பராம். சட்டம் ஐம்பது கேட்டது, எழுபத்தொன்று கிடைத்திருக்கிறது. மேற்கொண்டு வாய் பேச யாருக்கும் இடமில்லை. அந்த எழுபத்தொரு மீட்டரில் குடித்தவன் எத்தனை அடியில் தெளிவான் என்று எந்த ஃபைலிலும் எழுதியிருக்காது.

பெண்கள் யோசித்தார்கள். இருபத்தெட்டில் பத்தொன்பது பேர் திரும்பி வந்தார்கள். ஒன்பது வரவில்லை. எங்கள் கொல்லைச் சுவரை இடித்து அவசர வழி என்று போட்ட கதவு தினசரி வழியாகிவிட்டது. மில் வேன் இப்போது பின்சந்து முனையிலேயே நிற்கிறது, சாலைப் பக்கம் வரத் தேவையில்லை. சுகன்யா புது வாசலுக்குக் கம்பிக் கதவு போட்டு, முன்பக்கம் நீல எழுத்தில் பலகை மாட்டியிருக்கிறாள்.

பள்ளி மறுபடி திறந்த முதல் நாள் ஐந்தே முக்காலுக்கு நான் அடுப்படியில் காபிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். தலை வாரவில்லை. தொட்டியில் முந்தின நாள் பாத்திரம். ஜன்னலுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. பவித்ரா, மறுபடி வேலையில் சேர்ந்துவிட்டாள், தோளில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னல் கம்பி வழியாக உள்ளே நன்றாகப் பார்த்தாள். தொட்டியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள்.

“என்னக்கா, நேத்துக் கழுவலயா?”

“முடியல பவி. முழங்கால் வலி.”

“அந்த டப்பாவுல என்ன, முறுக்கா?”

“ஆமா.”

“யாரு சுட்டது? நீங்களா, கடையிலயா?”

பின்னால் இன்னும் மூன்று பெண்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். பதிலைக் கேட்க அவர்களும் நின்றார்கள். வேனுக்கு நேரமாகிறது என்று ஒருத்திக்கும் நினைவில்லை.

“கடையிலதான்” என்றேன். டப்பாவைத் திறந்து கம்பி வழியே நீட்டினேன்.